கவுன்ட் போட்டு சப்நெட் உருவாக்கினால் என்ன குறை?

கேள்வி | 11 ஜனவரி 2025

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் ஒரு விபிசி, அதாவது எங்களுக்கென்று ஒரு தனி நெட்வொர்க். மூன்று ஸோன் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதி), ஸோனுக்கு ஒரு பப்ளிக் சப்நெட், ஒரு பிரைவேட் சப்நெட் (அந்த நெட்வொர்க்கின் துண்டுகள்). ஆக ஆறு. கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் டெர்ராஃபார்மில் ஸோன் பட்டியலை எடுத்து, கவுன்ட் (எத்தனை பிரதி வேண்டும் என்ற எண்) போட்டு, முகவரி வரம்பை வெட்டித் தரும் சிஐடிஆர்சப்நெட் ஃபங்ஷனில் கவுன்ட் இண்டெக்ஸைக் (எத்தனையாவது பிரதி என்பது) கொடுத்து, பத்துப் பன்னிரண்டு வரியில் முடித்துவிட்டேன். ரிவியூவில் எங்கள் டீமின் மூத்தவர், "ஆறையும் பேர் போட்டுத் தனித்தனியா எழுது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆறு தடவை கையால் எழுதுவதற்கு எதற்குக் கோட்? கன்சோலில் கிளிக் செய்துவிட்டுப் போகலாமே. இதில் விஷயம் இருக்கிறதா, வெறும் பழக்கதோஷமா?

11 ஜனவரி, மாலை

விஷயம் இருக்கிறது. அதற்காக ஆறு தடவை எழுத வேண்டியதில்லை. லூப் இருக்கட்டும், கவுன்ட்டை எடுத்துவிடுங்கள்.

கவுன்ட் போட்டால் ஸ்டேட் ஃபைலில் (டெர்ராஃபார்ம் எதையெல்லாம் கட்டியது என்ற பதிவேடு) உங்கள் சப்நெட்டுகளுக்குப் பெயரே கிடையாது. பிரைவேட்[0], பிரைவேட்[1], பிரைவேட்[2] என்று வரிசை எண்தான். முதல் ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்தால் அடுத்தவர் பூஜ்யமாகிறார், அதற்கடுத்தவர் ஒன்றாகிறார். சென்னையில் வாசலில் "புதிய எண் 14, பழைய எண் 32" என்று எழுதிவைப்பார்களே, அதே கதை. ஒரே வித்தியாசம், டெர்ராஃபார்ம் தபால்காரரைப் போலப் பழைய எண்ணைச் சொல்லி விசாரிக்காது. எண் பொருந்தவில்லையா, வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்.

மிகைப்படுத்தவில்லை. ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு சப்நெட்டை உருவாக்கிய பிறகு அதன் ஐபிவி4 வரம்பையும் மாற்ற முடியாது, ஸோனையும் மாற்ற முடியாது. இரண்டில் எது மாறினாலும் பிளானில் (என்ன செய்யப் போகிறது என்று டெர்ராஃபார்ம் முன்கூட்டிக் காட்டும் பட்டியல்) வருவது "ரீப்ளேஸ்". அதாவது அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவது. உள்ளே சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் அழிக்கவும் விடாது, பாதியில் எரர் வந்து நிற்கும். அப்படி நிற்பது நல்ல காலம்.

11 ஜனவரி, இரவு

"நான் நடுவிலிருந்து எதையும் எடுக்கப் போவதில்லையே" என்று கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்.

நீங்கள் எடுக்க வேண்டாம். பட்டியல் தானாகவே மாறும். மும்பை ரீஜன் 2016 ஜூனில் தொடங்கியபோது இரண்டே ஸோன். மூன்றாவது 2019-இல்தான் வந்தது. அந்த நாளில் எல்லோரும் எழுதிய கோட் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது: பப்ளிக்குக்கு இண்டெக்ஸ், பிரைவேட்டுக்கு இண்டெக்ஸோடு ஸோன் எண்ணிக்கையைக் கூட்டு. இரண்டு ஸோன் இருந்தவரை பப்ளிக் 0, 1. பிரைவேட் 2, 3. மூன்றாவது ஸோன் பட்டியலின் கடைசியில்தான் சேர்கிறது, பாதிப்பில்லை என்று தோன்றும். ஆனால் கூட்டும் எண் இரண்டிலிருந்து மூன்றாகிவிட்டது. பிரைவேட் முழுதும் 3, 4, 5 என்று ஒரு படி தள்ளிப்போகிறது. புதிதாக வரும் மூன்றாவது பப்ளிக்குக்கு வேண்டியது 2. அந்த வரம்பிலோ பழைய பிரைவேட் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. முடிவு: இருக்கும் பிரைவேட் சப்நெட் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் ஒரு பிளான், அதன் நடுவில் வரம்பு மோதுகிறது என்று ஓர் எரர்.

உங்கள் பன்னிரண்டு வரியில் அந்தக் கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன்.

11 ஜனவரி, இரவு, இன்னும் கொஞ்சம்

தூக்கம் வரவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு புராஜெக்ட்டில் நடுவில் சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது இந்த மாதிரி ஒரு பிளான். கோடில் யாரும் கை வைக்கவில்லை. கிட்டில் கமிட்டே இல்லை. ஆனால் எல்லா சப்நெட்டும் "ரீப்ளேஸ்". யாரோ ஒருவர் சோதனைக்காக அதே கணக்கில் கொல்கத்தா லோக்கல் ஸோனை (மும்பை ரீஜனோடு சேர்ந்த, வேறு ஊரில் இருக்கும் சிறு ஸோன்) ஆன் செய்திருந்தார். லோக்கல் ஸோனை ஆன் செய்தால் டெர்ராஃபார்மின் ஸோன் பட்டியலில் அதுவும் வந்து சேரும். பட்டியல் அகரவரிசையில் வருகிறது. கொல்கத்தா ஸோனின் பெயர் ஏபி-சவுத்-1-சிசியு-1ஏ. கணினியின் வரிசையில் இடைக்கோடு எழுத்துக்கு முந்தி வரும். அதனால் நேற்று வந்த கொல்கத்தா நேராகப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மும்பை மூன்றும் ஒவ்வொரு படி கீழே.

ஸோன் பட்டியலை எடுத்துத் தரும் டேட்டா சோர்ஸில் ஒரு ஃபில்டர் உண்டு: ஆப்ட்-இன் (நாமாக ஆன் செய்வது) தேவைப்படாத ஸோன்களை மட்டும் கொடு என்று. அதைப் போட்டால் லோக்கல் ஸோன் வராது. என்னைக் கேட்டால் ஃபில்டரும் வேண்டாம், டேட்டா சோர்ஸும் வேண்டாம். ஸோன் பெயர்களைக் கையால் எழுதுங்கள். மூன்றே பெயர். இதை "ஹார்ட்கோடிங்" என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

12 ஜனவரி

சரி, எப்படித்தான் எழுதுவது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

ஃபார்-ஈச் (வரிசை எண்ணுக்குப் பதில் பெயரை வைத்து ஓடும் லூப்), அதற்கு ஒரு மேப். மேப்பின் சாவி நீங்கள் வைக்கும் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விவரம், ஸோனும் இட எண்ணும். நான் வைத்துக்கொள்வது இந்த மாதிரி. விபிசி 10.40.0.0/16 என்று வைத்துக்கொள்வோம் (சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் பெரிதானால் வரம்பு சிறிது). அதை /20 துண்டுகளாக வெட்டினால் 0 முதல் 15 வரை பதினாறு இடம்:

ஆப்-ஏ: ஸோன் 1ஏ, இடம் 0
ஆப்-பி: ஸோன் 1பி, இடம் 1
ஆப்-சி: ஸோன் 1சி, இடம் 2
(இடம் 3 காலி)
டேட்டா-ஏ: ஸோன் 1ஏ, இடம் 4
டேட்டா-பி: ஸோன் 1பி, இடம் 5
டேட்டா-சி: ஸோன் 1சி, இடம் 6
(இடம் 7 காலி)

8 முதல் 14 வரை கை வைக்காதீர்கள். பப்ளிக்குக்கு /20 அதிகம், வரும் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரும், பிரைவேட் சர்வர்கள் வெளியே போக வழிவிடும் நாட் கேட்வேயும் மட்டும்தானே அங்கே. அதனால் கடைசி இடம் 15-ஐ எடுத்து /24-களாக வெட்டினால் 10.40.240.0/24, 241, 242 கிடைக்கும்.

இப்போது ஆப்-பி-யை எடுத்துவிட்டால் ஆப்-பி மட்டும் போகும். மற்றவர்கள் அசைய மாட்டார்கள். நாளை நான்காவது ஸோன் வந்தால் 3-உம் 7-உம் காத்திருக்கின்றன.

கவனிக்க வேண்டியது இட எண்ணைக் கையால் எழுதியிருப்பது. ஃபார்-ஈச்சுக்கு மாறிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, உள்ளே ஸோன் பட்டியலில் இது எத்தனையாவது என்று இண்டெக்ஸ் ஃபங்ஷனை வைத்துக் கண்டுபிடிக்கிற கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். சாவி பெயராகிவிட்டது, வரம்பு இன்னும் வரிசையைத்தான் நம்பியிருக்கிறது. நோய் அப்படியே, சட்டை மட்டும் புதிது.

12 ஜனவரி, மதியம்

சிஐடிஆர்சப்நெட் ஃபங்ஷனில் நடு எண் என்ன என்று கேட்டவருக்கு: கூடுதலாக எத்தனை பிட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. சிஐடிஆர்சப்நெட்("10.40.0.0/16", 4, 4) என்றால் 16-உம் 4-உம் சேர்ந்து /20, அதில் நான்காம் எண் துண்டு, பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும், 10.40.64.0/20. டெர்ராஃபார்ம் கன்சோலைத் திறந்து தட்டிப் பாருங்கள், கிளவுட் கணக்குகூடத் தேவையில்லை.

ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்தக் கருவியான கிளவுட்ஃபார்மேஷனிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அங்கேயும் சிஐடிஆர் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, அதிலும் ஒரு பிட் எண் கொடுக்க வேண்டும். ஆனால் அது சப்நெட்டுக்கு உள்ளே மிஞ்சும் பிட். /16-ஐ வெட்டும்போது இரண்டிலும் 8 என்று போட்டால் இரண்டிலும் /24 வரும், எட்டும் எட்டும் பதினாறு என்பதால். தற்செயல். அதையே ஒரு /20-இல் செய்து பாருங்கள்: கிளவுட்ஃபார்மேஷன் /24 தரும், டெர்ராஃபார்ம் /28 தரும்.

பன்மையில் சிஐடிஆர்சப்நெட்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. வெவ்வேறு அளவுகளை வரிசையாகக் கொடுத்தால் அதுவே அடுக்கித் தரும். முதல் தடவை பார்க்கும்போது ரொம்ப அழகு. ஆனால் நடுவில் ஓர் அளவைச் செருகினால் அதற்குக் கீழே எல்லாம் நகரும். ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு மறந்துவிடும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

14 ஜனவரி

/20 எல்லாம் வீண், /24 போதாதா என்று ஒரு கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரியைத் தனக்கு எடுத்துக்கொள்ளும்: முதல் நான்கும் கடைசியும். பூஜ்யம் நெட்வொர்க்கின் முகவரி, ஒன்று ரவுட்டருக்கு, இரண்டு டிஎன்எஸ்ஸுக்கு, மூன்று பிற்காலத்துக்கு. கடைசி முகவரி பிராட்காஸ்ட்டுக்கு உரியது. விபிசியில் பிராட்காஸ்ட்டே கிடையாது, ஆனாலும் தர மாட்டார்கள். எனவே /24 என்றால் 251. அனுமதிக்கப்பட்டதிலேயே சிறியது /28, அதில் 11. லோட் பேலன்சர் வைக்கும் சப்நெட் /27-க்குக் குறையக் கூடாது, எட்டு முகவரியாவது காலியாக இருக்க வேண்டும்.

251 சர்வர் நாங்கள் ஓட்டப் போவதில்லை என்பீர்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் இல்லாதவரை சரி. ஏடபிள்யூஎஸ்ஸின் குபர்நெட்டிஸ் சேவையான இகேஎஸ்ஸில் வழக்கமான விபிசி சிஎன்ஐ (நெட்வொர்க் பிளகின்) ஒவ்வொரு பாடுக்கும் (கன்டெய்னர் ஓடும் அலகு) சப்நெட்டிலிருந்தே ஒரு நிஜ முகவரி கொடுக்கிறது. அது மட்டுமல்ல. பாட் வருகிறதோ இல்லையோ, ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸை முகவரிகளோடு தயாராக வைத்துக்கொள்ளும். எம்5.லார்ஜ் வகை சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: இன்டர்ஃபேஸுக்குப் பத்து முகவரி. ஓடுவது ஒன்று, காத்திருப்பது ஒன்று. நாலு பாட் மட்டும் ஓடும் இயந்திரம்கூட இருபது முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு இயந்திரம் வந்தால் உங்கள் /24 முடிந்தது.

ஓரிடத்தில் தீபாவளி விற்பனைக்கு முன்னால் இது நடந்ததைப் பார்த்தேன். சிபியு இருக்கிறது, மெமரி இருக்கிறது, ஆட்டோஸ்கேலர் புது இயந்திரங்களைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது, பாட் மட்டும் "கன்டெய்னர் கிரியேட்டிங்" என்பதோடு நிற்கிறது. எல்லோரும் இமேஜைச் சந்தேகப்பட்டார்கள். ரெஜிஸ்ட்ரியைச் சந்தேகப்பட்டார்கள். ஒருவர் டாக்கர் பதிப்பையே மாற்றலாமா என்று கேட்டார். சப்நெட் பக்கத்தில் "கிடைக்கும் முகவரிகள்" என்று ஒரு பத்தி இருக்கிறதே, அதை யாரும் பார்க்கவில்லை. அதில் இருந்தது 0. வேடிக்கை என்னவென்றால், ஆட்டோஸ்கேலர் கொண்டுவந்த ஒவ்வொரு புது இயந்திரமும் மிச்சமிருந்த முகவரிகளையும் தின்றுகொண்டிருந்தது. மருந்தே நோயை வளர்த்த கதை.

அன்றைக்குச் செய்தது: விபிசிக்கு இரண்டாவது வரம்பாக 100.64-இலிருந்து ஒரு பெரிய துண்டைச் சேர்த்து, பாடுகளுக்கென்று தனி சப்நெட் உருவாக்கியது. விபிசியோடு கூடுதல் வரம்பைச் சேர்க்க 2017 முதல் வசதி உண்டு. 100.64.0.0/10 என்பது டெலிகாம் கம்பெனிகள் உள்ளுக்குள் பயன்படுத்துவதற்காக 2012-இல் ஒதுக்கியது. ஆபீஸ் நெட்வொர்க்கில் பெரும்பாலும் இருக்காது, அதனால் மோதாது. சரியாக வேலை செய்தது. ஆனால் விற்பனை வாரத்தில் செய்கிற வேலை இல்லை அது.

15 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் எல்லாவற்றையும் /18 ஆக வெட்டிவிடுகிறேன் என்று ஒருவர் கிளம்பிவிட்டார். ஐயா, /16-இல் நான்கு /18-தான். மூன்று ஸோனுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு டேட்டாபேஸை எங்கே வைப்பீர்கள், மாடியிலா?

15 ஜனவரி, மாலை

சப்நெட்டுக்குக் காசு உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை. சப்நெட் இலவசம், ரூட் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) இலவசம், இன்டர்நெட் கேட்வே இலவசம். நாட் கேட்வே இலவசம் இல்லை. ஸோனுக்கு ஒன்று என்று லூப்பில் போட்டுவிட்டு மறப்பவர்கள் பில்லைப் பார்த்துத்தான் நினைவு பெறுவார்கள். வர்ஜீனியா விலையில் ஒன்றுக்கு மணிக்கு 4.5 சென்ட். மூன்று என்றால் மாதம் நூறு டாலரை ஒட்டி, ஒரு பைட்கூடப் போகாமலே. போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனியாக இன்னொரு 4.5 சென்ட். டெவலப்மென்ட் சூழலுக்கு ஒரே ஒரு நாட் போதும். புரொடக்‌ஷனில் ஸோனுக்கு ஒன்று வையுங்கள்; இல்லாவிட்டால் அந்த ஒரு ஸோன் விழுந்தால் மூன்றும் ஊமையாகும்.

ஃபைல் சேமிக்கும் சேவையான எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயின்ட் (நாட்டைத் தொடாத நேர்வழி) போடுங்கள். அது இலவசம். இமேஜ், லாக், பேக்கப் எல்லாம் நாட் வழியாகப் போய்க் காசு கரைவதை நிறுத்தும். இதை ஏன் எல்லோரும் முதல் நாளிலேயே செய்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

18 ஜனவரி

"பப்ளிக் என்ற டேக் போட்டிருக்கிறேன், ஆனாலும் வெளியே போக முடியவில்லை."

டேக் வெறும் ஒட்டுச்சீட்டு. சப்நெட்டில் பப்ளிக், பிரைவேட் என்று ஒரு குணமே கிடையாது. அதன் ரூட் டேபிளில் 0.0.0.0/0 (மற்ற எல்லா முகவரிகளும்) இன்டர்நெட் கேட்வேயைக் காட்டினால் பப்ளிக், காட்டாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். உள்ளே வரும் சர்வருக்குப் பொது முகவரி தானாகக் கொடுக்கும் செட்டிங் வேறு விஷயம். ரூட் இல்லாமல் அதை மட்டும் ஆன் செய்தால் பொது முகவரி இருக்கும், பயன் இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வேறு.

இதில் ஆபத்தானது எதிர்ப்பக்கம். ரூட் டேபிளோடு இணைக்க மறந்த சப்நெட், விபிசியின் மெயின் ரூட் டேபிளுக்குப் போய்விடும். யாரோ வசதிக்காக மெயின் டேபிளில் இன்டர்நெட் கேட்வேயைச் சேர்த்து வைத்திருந்தால், உங்கள் டேட்டாபேஸ் சப்நெட் சத்தமில்லாமல் பப்ளிக் ஆகிவிடும். எரர் வராது. எல்லாம் ஒழுங்காக ஓடும், அதுதான் பயம். மெயின் டேபிளில் எந்த ரூட்டும் சேர்க்காமல் விடுங்கள். இணைப்பையும் அதே மேப்பின் மேல் ஃபார்-ஈச் போட்டு எழுதுங்கள், ஒன்றும் விட்டுப்போகாது.

19 ஜனவரி

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பேச்சு திசைமாறட்டும்.

ஏன் எல்லோரும் 10.0.0.0/16? கையேடு எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. தொண்ணூறுகளில் தனியார் பயன்பாட்டுக்கென்று மூன்று வரம்பு ஒதுக்கினார்கள்: 10/8, 172.16/12, 192.168/16. முதலாவதில் மட்டும் 256 வெவ்வேறு /16 எடுக்கலாம். ஆனாலும் நான் பார்க்கிற கம்பெனிகளில் பாதி, டெவ்வும் 10.0, ஸ்டேஜிங்கும் 10.0, புரொடக்‌ஷனும் 10.0. பிறகு ஒருநாள் இரண்டு விபிசியையும் பியரிங் செய்ய (நேராக இணைக்க) வேண்டும் என்பார்கள். வரம்பு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பியரிங் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது.

172 பக்கம் போகிறவர்களுக்கு: 172.17 டாக்கரின் வழக்கமான பிரிட்ஜ் (கன்டெய்னர்களின் உள் நெட்வொர்க்). விபிசிக்கும் அதையே வைத்தால், கன்டெய்னரிலிருந்து போகும் பாக்கெட் சர்வரைத் தாண்டாமலே திரும்பிவிடும், நீங்கள் செக்யூரிட்டி குரூப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். 172.31 ஏடபிள்யூஎஸ்ஸின் டிஃபால்ட் விபிசி. 192.168.0, 192.168.1 உங்கள் வீட்டு ரவுட்டர். விபிஎன் போட்டு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் திட்டுவார்கள்.

ஒரு கூகுள் ஷீட் போதும். எந்தச் சூழலுக்கு எந்த /16 என்று ஒரு வரி. முகவரி வரம்புகளை நிர்வகிக்கும் அமேசானின் ஐபேம் சேவை 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அதுவே ஒதுக்கித் தரும். கணக்குகள் இருபது முப்பது என்று போனால் அது வேண்டும்தான். மூன்று விபிசிக்கு ஷீட்டே ராஜா.

2 பிப்ரவரி

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கூட்டல் இருந்ததாம். மூத்தவரிடம் போய் ஃபார்-ஈச் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாராம். ஆனால் பழைய கோட் ஏற்கெனவே ஸ்டேஜிங்கில் ஓடுகிறது. கவுன்ட்டிலிருந்து மாற்றினால் எல்லாவற்றையும் அழித்துக் கட்டச் சொல்கிறது, என்ன செய்வது என்கிறார்.

மூவ்ட் பிளாக். டெர்ராஃபார்ம் 1.1-இலிருந்து இருக்கிறது. "முன்பு பிரைவேட்[0] என்று இருந்தது, இனி பிரைவேட்["ஆப்-ஏ"]" என்று கோடிலேயே எழுதிவிடலாம். அதற்கு முன்பெல்லாம் ஸ்டேட் எம்வி கமாண்டை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும், ஒருவர் லேப்டாப்பில் தட்டியது இன்னொருவருக்குத் தெரியாது. இப்போது ரிவியூவுக்கு வருகிறது, எல்லாச் சூழலிலும் அதே கோட் ஓடுகிறது.

வரிசை முக்கியம். மேப்பில் நான் மேலே போட்ட அழகான இட எண்களை இப்போது வைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே என்ன வரம்பு ஓடுகிறதோ அதையே எழுதுங்கள், 0, 1, 2, 3, 4, 5. பெயரை மட்டும் மாற்றுங்கள். பிளானில் சேர்ப்பது 0, மாற்றுவது 0, அழிப்பது 0 என்று மூன்று பூஜ்யம் வரவேண்டும். ஒன்று தப்பினாலும் அப்ளை செய்யாதீர்கள்.

சப்நெட்டுக்கு எழுதிவிட்டு ரூட் டேபிள் இணைப்புக்கு எழுத மறப்பார்கள். அதற்கும் மூவ்ட் வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டும் நேரத்தில் சப்நெட் மெயின் டேபிளுக்குப் போய்வரும். ஜனவரி 18 குறிப்பைப் பாருங்கள்.

மூவ்ட் பிளாக்கில் லூப் போட முடியாது. ஆறு சப்நெட், ஆறு இணைப்பு, பன்னிரண்டும் கையால்தான். ஆறு தடவை எழுத மாட்டேன் என்றவருக்கு இது கொஞ்சம் அதிகத் தண்டனைதான்.

3 பிப்ரவரி

கிரியேட்-பிஃபோர்-டெஸ்ட்ராய் போட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று ஒரு யோசனை. புதியதை முதலில் கட்டி, பிறகு பழையதை இடிப்பது. சப்நெட்டில் அது நடக்காது. ஸோன் மட்டும் மாறி வரம்பு அப்படியே இருந்தால், பழையது இருக்கும் இடத்தில் புதியதைக் கட்டச் சொல்கிறீர்கள். மோதல் என்று திருப்பி அனுப்பும். உண்மையில் இடம் மாற்ற வேண்டுமானால் புதிய பெயர், புதிய இட எண், புதிய சப்நெட். சர்வர்களை மெதுவாக அங்கே நகர்த்துங்கள். பழையது காலியானதும் மேப்பிலிருந்து எடுங்கள். இரண்டு வாரம் எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. வாடகை இல்லாத வீடு, அவசரம் எதற்கு?

9 பிப்ரவரி

"டெர்ராஃபார்ம் வேண்டாம், நான் பைத்தான், சிடிகே" என்று ஒருவர். நல்லது, அங்கேயும் இதே பேய் இருக்கிறது. கிளவுட் அமைப்பைப் பைத்தான் போன்ற மொழியில் எழுதவைக்கும் சிடிகேயில் விபிசி என்று ஒரே வரி எழுதினால் சப்நெட், நாட், ரூட் எல்லாம் அதுவே போடும். எத்தனை ஸோன் என்ற எண்ணைப் பிற்பாடு இரண்டிலிருந்து மூன்றாக்கினால் அதுவும் வரம்புகளை மறுபடி கணக்குப் போடும். சப்நெட் பட்டியலில் "ரிசர்வ்ட்" என்று ஓர் அமைப்பு உண்டு. இடத்தைப் பிடித்து வைக்கும், கட்டாது. முதல் நாளே அதைப் பயன்படுத்துங்கள்.

பைத்தான் என்றதும் ஞாபகம் வந்தது. டெர்ராஃபார்ம் எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஐபிஅட்ரஸ் மாட்யூல் 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. எல்லாச் சூழலின் வரம்புகளையும் ஒரு பட்டியலில் போட்டு, இரண்டிரண்டாக எடுத்து ஓவர்லேப்ஸ் என்று கேட்டால் மோதல் தெரிந்துவிடும். பதினைந்து வரி டெஸ்ட், சிஐயில் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஒரு வினாடி. 10.40.5.0/20 என்று யாராவது எல்லை தவறி எழுதினால் மாட்யூலே ஒப்புக்கொள்ளாது, ஹோஸ்ட் பிட் இருக்கிறது என்று கத்தும். கிளவுட் போய்ச் சொல்வதற்கு முன்னால் லேப்டாப்பே சொல்லிவிட்டால் அரைநாள் மிச்சம்.

20 பிப்ரவரி

ஜனவரி 11-இல் "வரம்பை மாற்றவே முடியாது" என்று எழுதியிருந்தேன், ஏடபிள்யூஎஸ் என்று சொல்லித்தான். ஒருவர் அதை எல்லாக் கிளவுடுக்கும் எடுத்துக்கொண்டு கூகுள் டீமோடு சண்டை போட்டிருக்கிறார்.

கூகுளில் விபிசி உலகம் முழுதுக்கும் ஒன்று, சப்நெட் ஒரு ரீஜனுக்கு ஒன்று. ஸோன் கணக்கே சப்நெட்டில் கிடையாது. வரம்பைப் பிற்பாடு பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் அஷூரில் நெட்வொர்க் ஒரு ரீஜனுக்குள், சப்நெட் அந்த ரீஜனின் எல்லா ஸோனுக்கும் பொது. அங்கேயும் ஐந்து முகவரி போய்விடும், கூகுளில் நான்கு. ஆகவே ஏடபிள்யூஎஸ் மேப்பை அப்படியே கொண்டுபோய் அங்கே ஆப்-ஏ, ஆப்-பி, ஆப்-சி என்று மூன்று சப்நெட் கட்டுவது வெட்டி வேலை. பார்த்திருக்கிறேன், நிஜமாகவே கட்டியிருந்தார்கள். மல்டி-கிளவுட் மாட்யூல் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

ஓப்பன்டோஃபு பற்றிக் கேட்டவருக்கு: 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மின் லைசென்ஸ் மாறிய பிறகு பிரிந்துவந்தது, இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷனில் இருக்கிறது. இந்த இழையில் சொன்ன ஃபார்-ஈச், மூவ்ட், சிஐடிஆர்சப்நெட் எல்லாம் அதிலும் உண்டு. லைசென்ஸ் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள்.

6 மார்ச்

பழைய சப்நெட்டை மேப்பிலிருந்து எடுத்தாகிவிட்டது, அப்ளை போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் டிபென்டென்சி வயலேஷன் (உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது என்ற எரர்) என்கிறார் ஒருவர். சர்வர் ஒன்றுகூட உள்ளே இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

சர்வர் இல்லாமல் இருக்கலாம், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் இருக்கும். கன்சோலில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பக்கத்துக்குப் போய் அந்த சப்நெட்டின் ஐடியை வைத்துத் தேடுங்கள். விளக்கப் பத்தியில் யாருடையது என்று எழுதியிருக்கும்: லோட் பேலன்சரா, நாட் கேட்வேயா, எண்ட்பாயின்ட்டா. லாம்ப்டா (சர்வரை நாம் பார்த்துக்கொள்ளாமல் ஃபங்ஷன் ஓட்டும் சேவை) என்றால் ஃபங்ஷனை அழித்த பிறகும் இன்டர்ஃபேஸ் போக இருபது நிமிடம் வரைகூட ஆகலாம், பொறுங்கள். லோட் பேலன்சர் என்றால் கன்சோலில் போய்க் கையால் அழிக்காதீர்கள். அநேகமாக அது குபர்நெட்டிஸ் சர்வீஸ் ஒன்று உருவாக்கியதாக இருக்கும், டெர்ராஃபார்முக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சர்வீஸை நீக்குங்கள், அது போய்விடும், பிறகு அப்ளை.